அப்பாவைக் கூட்டிப் போக சிட்னியில் எந்தப் பழைய வீடு?

திருவையாற்றுக்காரன்:
பொங்கல் முடிந்து அப்பா வருகிறார். நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர். கடுக்காய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்த ஆள், ஓபரா ஹவுஸ் எல்லாம் அவருக்கு ஒரு போட்டோவோடு சரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார். இங்கே மாநில அரசு அமைப்பு ஒன்று பழைய வீடுகளைப் பராமரித்துத் திறந்து வைத்திருக்கிறதாமே? எனக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு. அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. எதற்குப் போகலாம்?

ஹோம்புஷ் மாமா:
எலிசபெத் பே ஹவுஸ். 1835 முதல் 1839 வரை கட்டியது. நீள்வட்டக் கூடம், மேலே குவிமாடம், அடியில் தூணே இல்லாமல் சுவரைப் பிடித்தபடி சுற்றி ஏறும் கல் படிக்கட்டு. அப்பா கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், ஏற வேண்டாம். கட்டிய மெக்ளே கடனில் மூழ்கி, கடைசியில் மகனிடமே வீட்டை விட்டுவிட்டுக் கிளம்பினார். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்!

மார்ஸ்டன் பார்க் மீனா:
கொத்தனார் என்றால் ரௌஸ் ஹில் வீடுதான் தம்பி. போன வருடம் என் மாமியாரை அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும், “கவர்மெண்டு வீடுங்கிற, ஒரு வெள்ளை அடிக்கக் கூடாதா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். அங்கே விஷயமே அதுதான். 1813இல் ரிச்சர்ட் ரௌஸ் கட்ட ஆரம்பித்தது. ஆறு தலைமுறை அதே குடும்பம் இருந்திருக்கிறது. 1978இல் அரசு வாங்கியபோது ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்துப் புதுசாக்கவில்லை. தாத்தா வாங்கிய நாற்காலிக்குப் பக்கத்தில் பேத்தி வாங்கிய சாமான், எல்லாம் இருந்தபடியே இருக்கிறது. வீடு மேற்கொண்டு சிதையாமல் பார்த்துக்கொள்கிறார்கள், பழசைப் பளபளப்பாக்குவதில்லை. மாமியார் வீடு திரும்பும் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், அது வேறு கதை.

வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். 1980இல் வரலாற்று இல்லங்கள் அறக்கட்டளை என்று தொடங்கிய அமைப்பு, 2022 கடைசியில் மாநில ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து ‘நியூ சவுத் வேல்ஸ் வரலாற்று அருங்காட்சியகங்கள்’ ஆகிவிட்டது. அந்தப் பேரில் தேடுங்கள். அப்புறம், அப்பா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரைத் தட்டினால் விரட்டிவிடுவார்கள்.

ராக்ஸ் ரவி:
சுசானா பிளேஸ் பக்கம் மட்டும் போக வேண்டாம். 1844இல் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய நாலு வீடுகள், 1990 வரை கூலிக் குடும்பங்கள் குடியிருந்தவை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆனால் அந்தப் படிக்கட்டு முழங்காலைத் தின்றுவிடும். பிரிட்டன் நாடுகடத்திய கைதிகளைத் தங்கவைத்த ஹைட் பார்க் பாரக்ஸுக்குப் போனால் எலிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம். பலகைத் தரைக்கு அடியில் அவை இழுத்துப் போய்ப் பதுக்கிய துணி, ஊசி, காகிதம்தான் இன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன.

திருவையாற்றுக்காரன்:
நன்றி. ரௌஸ் ஹில் என்று முடிவு செய்து அப்பாவிடம் போனில் சொன்னேன். “வீட்டுக்காரன் பேரைச் சொல்ற, கட்டினது யாரு?” என்றார். கைதிகளை வேலை வாங்கித்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கைதிக்குக் கரணை பிடிக்க யாருடா சொல்லிக் குடுத்தா?” என்கிறார். மீனா அக்கா, வழிகாட்டி பதில் சொல்வாரா?