ஃபாராமிர் கை நீட்டினானா, இல்லையா?

தக்கலைக்காரன்:
'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூணு படமும் புத்தகத்தை வரிக்கு வரி எடுத்தது, அதனாலதான் 17 ஆஸ்கார்னு ஒருத்தர் இங்க எழுதி வச்சிருக்காரு. வரிக்கு வரியா? அப்ப ஃபாராமிர் யாரு ஓய்? சௌரோன்ங்க கொடியவனோட மோதிரத்த அழிக்கப் போற ஃப்ரோடோவையும் கூட்டாளி சாமையும் வழியில பிடிக்க கோண்டோர் நாட்டுப் படைத்தலைவன். புத்தகத்துல இத்திலியன் குகையில வச்சு சாம் வாய் தவறி உளறின பிறகுதான் மோதிரம் இருக்க விவரமே அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் கை நீட்டல. பெருவழியில கிடந்தாக்கூட எடுக்க மாட்டேன்னு முன்னமே சொன்ன சொல்லுல நிண்ணான். சோறு போட்டு, வழிக்கு உணவும் ஊன்றுகோலும் குடுத்து அனுப்பினான். 2002-ல வந்த ரெண்டாம் படத்துல ஃப்ரோடோவைக் கட்டி ஒஸ்கிலியத்ங்க பாழ்நகரம் வரை இழுத்துட்டுப் போறான். இதுவா வரிக்கு வரி?

வடசேரி எடிட்டர்:
அண்ணாச்சி, 'வரிக்கு வரி' தப்புதான். ஆனா மாத்தினதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டாம் புத்தகம் ஃப்ரோடோவைக் கொட்டுற ஷெலோப்ங்கற ராட்சச சிலந்தியில முடியும். படத்துல அதை மூணாவதுக்குத் தள்ளினாங்க. புத்தகப் பின்னிணைப்புல தேதி பாருங்க. ரெண்டாம் படத்துல வர்ற ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டை மார்ச் 3 ராத்திரி. சிலந்தி கொட்டி ஃப்ரோடோ சௌரோனோட ஓர்க் படை கையில சிக்குறது மார்ச் 13, மூணாம் படத்துல வர்ற பெலன்னோர் சண்டைக்கு ரெண்டே நாள் முன்ன. ஹெல்ம்ஸ் டீப்பையும் சிலந்தியையும் ஒரே படத்துல மாத்தி மாத்தி வெட்டினா பத்து நாள் கணக்கு இடிக்கும். சிலந்தி போயாச்சுன்னா 179 நிமிஷப் படத்துல ஃப்ரோடோ பக்கத்துக்கு உச்சக்காட்சி இல்ல. அந்தக் குழிய நிரப்பத்தான் ஒஸ்கிலியத். அதோட, மோதிரம் யாரையும் விடாதுன்னு ஒரு படம் பூரா காட்டிட்டு, ஒருத்தன் வந்து 'எனக்கு வேண்டாம்'னா மோதிரத்துக்கு என்ன பலம் மிச்சம்?

தக்கலைக்காரன்:
குழிய நிரப்ப ஃபாராமிர வெட்டியா போடணும்? சரி, நிரப்பின லட்சணத்தப் பாப்போம். ஒஸ்கிலியத்துல ஃப்ரோடோ மேல ஏறிப்போய், பறந்து வார சௌரோன் அடியாள் நாஸ்கூல் முன்னால மோதிரத்த நீட்டுகான். மோதிரம் எங்க இருக்குன்னு சௌரோன் அறியக்கூடாதுங்கதாக்கும் முழுத் திட்டமும்! புத்தகத்துல கோண்டோர் அரச வாரிசு அரகோர்ன், தூரத்துல உள்ளதக் காட்டுக பலந்தீர் கல்லுல முகம் காட்டினதும், மோதிரம் இவன் கையிலதான் போலன்னு சௌரோன் அவசரப்படுகான். கடைசியில சௌரோன் நாட்டுக் கருவாசலுக்குப் படைய வரவழைச்ச தந்திரம் அந்தத் தப்புக் கணக்குமேலதான் நிக்கு. நாஸ்கூல் கண்ணால கண்டாச்சுன்னா அந்தக் கணக்கே வராது. ஒரு கல்ல உருவினா சுவரு எந்தப் பக்கம் சரியும்னு பாக்காம செஞ்ச வேலை.

முட்டம் அலை:
புத்தகத்துல ஃப்ரோடோவக் காப்பாத்தின டாம் பாம்படில, படத்துல ஒரேயடியா தூக்கினதுக்கு மட்டும் ஏன் சத்தமே காணல?

தக்கலைக்காரன்:
தூக்குகது வேற, மாத்துகது வேற மக்கா. கோயில் கொடையில வில்லுப்பாட்டா இசக்கி கதை பாடும்போது நேரம் பத்தலன்னா அண்ணாவி வர்ணனையச் சுருக்குவாரு. குடமும் உடுக்கும் கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான். கள்ளிக்கொப்பப் பிள்ளையாக்கிக்கிட்டு பழிவாங்க வந்த நீலி, செட்டிய மன்னிச்சு விட்டுட்டான்னு பாடுவாரா? பாடினா கூட்டம் விடுமா? பாம்படில எடுத்தா கதை சுருங்கும். ஃபாராமிர மாத்தினா ஆளே மாறும்.

குழித்துறை வாசகி:
அப்ப கம்பன என்ன செய்வீங்க அண்ணாச்சி? வால்மீகியில ராவணன் சீதையக் கையால பிடிச்சுத் தூக்குகான். கம்பன் தரையோட பெயர்த்தெடுக்க வச்சான். வால்மீகியில அகலிகை யார் கண்ணுக்கும் தெரியாம சாம்பல்ல கிடக்கா. கம்பன் பாட்டுல கல்லாக் கிடக்கா. இந்திரன் சாபம் தீர்ந்த சுசீந்திரம் பக்கத்துல இருந்துக்கிட்டே நாம கல்லாத்தான சொல்லுகோம்? அது கெடுத்ததா?

தக்கலைக்காரன்:
தரையோட எடுத்தாலும் ராவணன் கொண்டுதான போனான்? 'வேண்டாம் தாயே'ன்னு திரும்பிப் போகலியே. கம்பன் கைய மாத்தினான், மனச மாத்தல. ஃபாராமிருக்கு மனசயே மாத்திட்டாங்க.

வடசேரி எடிட்டர்:
கடைசியில விட்டுட்டான்ல? ஃப்ரோடோவ விட்டா உன் உயிரு சட்டப்படி போகும்னு சொன்ன பிறகும் விட்டான். புத்தகத்துல கஷ்டமே படாம நல்லவன். படத்துல தடுமாறி நல்லவனானான். நீட்டிச்ச பதிப்புல அப்பன் டெனதோர் அண்ணனையும் தம்பியையும் எப்படி நடத்துகான்னு வரும், அதப் பாக்காம பேசாதீங்க.

தக்கலைக்காரன்:
நீட்டிச்ச பதிப்பும் பாத்தாச்சு, மூணும் சேந்து 11 மணி நேரத்துக்கு மேல. தியேட்டர்ல காசு குடுத்தவனுக்கு அந்தக் காட்சியக் காட்டாம, வட்டுல வச்சு நியாயம் சொல்லக்கூடாது. 'ஹாபிட்' படத்தப் பத்தி நாம போட்ட சண்டையிலயும் இதேதான் சொன்னீரு. 19 அத்தியாயப் புத்தகத்த மூணு படமா இழுத்து, டாரியல்னு இல்லாத ஒருத்தியக் கொண்டாந்தப்பவும் 'காரணம் இருக்கு'ன்னீரு. இன்னும் மறக்கல.

குழித்துறை வாசகி:
பொம்பள வந்தாலே உங்களுக்குப் பொறுக்காது. ஆத்துக் கடவுல ஃப்ரோடோவக் காப்பாத்த கிளோர்ஃபிண்டெல்ங்க எல்ஃப் வீரனுக்குப் பதிலா எல்ஃப் பொண்ணு ஆர்வென் வந்தப்பவும் இதே எரிச்சல்தான் உங்களுக்கு.

தக்கலைக்காரன்:
ஆர்வென் வந்ததுல எரிச்சல் இல்ல தங்கச்சி. புத்தகத்துல காயம்பட்ட ஃப்ரோடோ குதிரையில தனியா ஆத்தக் கடந்து, திரும்பி நின்னு துரத்தின நாஸ்கூல் ஒன்பது பேரையும் எதிர்க்கான். படத்துல அவன மூட்டையாக்கி முன்னால வச்சுக் கொண்டுபோனாங்க. எரிச்சல் அதுல. அத விடு. கேள்வி ஒண்ணுதான்: குகையில ஃபாராமிர் கை நீட்டினானா, இல்லையா?

முட்டம் அலை:
படத்துலயும் கை நீட்டலியே. வாள்முனையாலதான சங்கிலியத் தூக்கிப் பாத்தான்?

வடசேரி எடிட்டர்:
அதேதான். தொடவே இல்ல.

தக்கலைக்காரன்:
வாள் தானா நீண்டுச்சா ஓய்? பிடிச்சது யாரு கை? புத்தகத்துல நாலாம் பாகம், அஞ்சாம் அத்தியாயம். எடுத்து வாசிச்சிட்டு வாங்க, பிறகு பேசுவோம்.

வடசேரி எடிட்டர்:
வாசிச்சாச்சு. மார்ச் 13-க்கு இன்னும் பதில் வரல.