இனம், இனக்குழு ஆய்வை மைனராக எடுத்தவர்களின் ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் படிக்கும் என் மகள், இனம், இனக்குழு ஆய்வை மைனராக, அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடமாக, எடுக்க விரும்புகிறாள். 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய நெடிய வகுப்புப் புறக்கணிப்புப் போராட்டத்தின் பயனாக, 1969-இல் அங்கே தனிக் கல்லூரியாகவே உருப்பெற்ற துறை இது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பகத் சிங் திண்ட் என்பவர் ‘வெள்ளையர்’ அல்லர் என்று கூறி அவருடைய குடியுரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் மறுத்த வழக்கை, இதன் அறிமுக வகுப்பில்தான் அவள் முதன்முதலாக அறிந்தாள். இங்கு வளரும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், ஆசிய அமெரிக்கர் ஆகியோரில் எவர் வரலாற்றிலிருந்து தொடங்குவது நல்லது, முதன்மைப் பாடத்துக்காகப் படித்த புள்ளியியல் வகுப்பை இதற்கும் கணக்கில் கொள்வார்களா என்பவற்றை, படித்தவர்களும் கற்பிப்பவர்களும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.