விரல் ஓரத்தில் ஜவ்வரிசி மாதிரி கொப்புளம், இப்போது உள்ளங்காலிலும்

கல்லிடை மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் ஒன்பது வருஷமாக அப்பளம் போடுகிறேன். மூன்று வருஷமாகப் பங்குனி வெயில் ஏறினால் போதும், இரண்டு கையிலும் விரல் ஓரங்களில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்துவிடுகிறது. அம்மைக் கொப்புளம் போல மேலே எழும்பாது. வேகவைத்த ஜவ்வரிசியைத் தோலுக்கு அடியில் பதித்து வைத்தது போல இருக்கும். வருவதற்கு முந்தின நாளே உள்ளங்கை எரிய ஆரம்பிக்கும். ராத்திரி அரிப்புத் தாங்காமல் கட்டில் சட்டத்தில் கையைத் தேய்த்துக்கொண்டே கிடப்பேன். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து, தோல் உரிந்து, வெடிப்பு விடும். அந்தக் கையை உளுந்து மாவில் வைத்தால் உயிர் போகிறது. உப்பு, அப்பளக்காரம், பிரண்டைச் சாறு எல்லாம் அதில்தானே இருக்கிறது.

மாவுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை நாள் நினைத்தேன். இந்த வருஷம் உள்ளங்காலிலும் வந்துவிட்டது. கால் மாவில் படவே இல்லையே? மருந்துக் கடையில் சொல்லிக் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். நாலு நாளில் அமுங்கியது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக வந்தது. இதற்கு நடுவில், வழக்கமாக வாங்குகிற ஒரு வீட்டில் "கை சரியானதும் சொல்லு, அப்புறம் வாங்கிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வெகுநேரம் அழுதேன். இது ஒட்டுமா?

பாளை நர்ஸ்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கையில் வருகிற இந்தக் கொப்புளம் ஒட்டாது. கையைப் பிடித்தாலும், உள்ளே இருக்கிற நீர் பட்டாலும் அடுத்தவருக்கு வராது. அந்த வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாம்போலிக்ஸ் என்கிற எக்சிமா, அதாவது ஒரு வகைத் தோல் அழற்சி போலத் தெரிகிறது. டிஸ்ஹைட்ரோசிஸ் என்றும் சீட்டில் எழுதுவார்கள். வியர்வைக் கோளாறு என்று நினைத்து 1873இல் டில்பரி ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வைத்த பெயர் அது. வியர்வைக் குழாய் அடைத்து வருவதல்ல என்று பிற்பாடு தெரிந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆனால் வெயிலும் வியர்வையும் மனக்கவலையும் அதைக் கிளப்பிவிடும். உள்ளங்கைத் தோல் தடிமன் இல்லையா, அதனால் நீர் உடைத்துக்கொண்டு வெளியே வராமல் ஜவ்வரிசியாக உள்ளேயே நிற்கிறது.

இப்போது கால். சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி, தோல் நைந்து, வாடை அடிக்கிறதா? அந்தச் சேற்றுப்புண்ணில் பூஞ்சை இருந்தால், அதை எதிர்த்து உடம்பு கையில் கொப்புளம் போடுவது உண்டு. கையில் பூஞ்சையே இருக்காது. காலுக்கு மருந்து போட்டால்தான் கை அடங்கும். உள்ளங்கால் கொப்புளமே பூஞ்சையாகவும் இருக்கலாம். நீங்கள் வாங்கிய டியூப்பில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்திருக்கும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். விரலிடுக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுவார்கள். பூஞ்சை இல்லையென்றால் அதே ஸ்டீராய்டு களிம்புதான் மருந்து, ஆனால் எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊசியால் குத்தாதீர்கள். சீழ், மஞ்சள் பொருக்கு, கையில் ஏறுகிற சிவப்புக் கோடு, காய்ச்சல், இதில் எது கண்டாலும் அன்றைக்கே போங்கள். ஆறும்வரை மாவைத் தொட வேண்டாம்.

பேட்டை கொத்தனார்:

எனக்கு சிமெண்டில் இருக்கிற குரோமியம் ஆகவில்லை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் பட்டை ஒட்டிப் பார்த்துச் சொன்னார்கள். காரணம் வேறு என்றாலும் கை படுகிற பாடு ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன். வெறும் ரப்பர் கையுறை போடாதீர்கள், உள்ளே வியர்த்து ஊறிவிடும். முதலில் பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர். பருத்தி நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள். கை கழுவினால் ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாசலின் தடவ வேண்டும். மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், சோப்பு அடியில் தங்கும். நீர் கசிகிற நாளில் டாக்டர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் கையை முக்கி வைக்கச் சொல்வார். வெளிறிய ரோஸ் நிறம் போதும், பத்து நிமிஷம். ஒரு துகள்கூடக் கரையாமல் கிடக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். நகம் பழுப்பாகும், பயப்படாதீர்கள்.

கல்லிடை மருமகள்:

அக்கா, அண்ணாச்சி, ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அக்கா சொன்ன அதே இடுக்கில் வெள்ளையாக ஊறித்தான் இருந்தது. தினமும் விடியக்காலம் ஆற்றுப் படித்துறையில் துவைத்துவிட்டு, ஈரக்காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு வருவேன். அதை ஒரு நோயாகவே நான் நினைத்ததில்லை. சுரண்டிப் பார்த்துப் பூஞ்சைதான் என்றார்கள். கால் மருந்து ஓடுகிறது. கையில் புதுக் கொப்புளம் வந்து பதினெட்டு நாளாகிறது, வலது சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் உரிகிறது. வீடு திரும்பியதும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைக்கிறேன். அத்தை மாவு இடித்துத் தருகிறார்கள், நான் உருட்டித் தேய்க்கிறேன். மோதிரம் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.