15,000 கிலோமீட்டர் வரை எஞ்சின் எண்ணெய் மாற்றாமல் ஓட்டலாமா? கையில் ஆய்வறிக்கை இருக்கிறது

பாலம்தாண்டி (பினாங்கு):
ஜெலுத்தோங்கிலிருந்து கூலிமுக்கு வேலைக்குப் போகிறவன் நான். பாலத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் நெடுஞ்சாலைதான். என்னுடையது 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், நேரடி எரிபொருள் பீய்ச்சல் முறை. 10,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன், முடிவு வந்துவிட்டது. எண்ணெயில் கலந்திருக்கும் தேய்மான உலோகமும் தூசியும் இவ்வளவு: இரும்பு 14 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 14 பங்கு), செம்பு 3, அலுமினியம் 4, சிலிக்கன் 9. அமிலத்தை முறிக்கும் காரக் கையிருப்பான டி.பி.என். புதிதில் 8 இருந்தது, இப்போது 4.1. 100 டிகிரியில் பாகுத்தன்மை 9.6 சென்டிஸ்டோக். எண்ணெய் 5டபிள்யூ-30, முழு செயற்கை வகை. ‘தொடர்ந்து பயன்படுத்தலாம்’ என்று ஆய்வகமே எழுதியிருக்கிறது. அடுத்த முறை 15,000 வரை போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டும். ‘எங்கள் காலத்தில் 5,000தான்’ என்பது காரணம் ஆகாது.

செந்தூல் பட்டறை:
காரணத்தோடே சொல்கிறேன், தம்பி. அந்த அறிக்கை எண்ணெயைப் பற்றிப் பேசுகிறது. எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டுச்சென்ற படிவைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. பிஸ்டனின் எண்ணெய் வளையத்தில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். சூட்டில் வெந்த எண்ணெய் அங்கே கரியாகப் படியும். படிந்தது படிந்ததுதான், வடித்தெடுத்த மாதிரியில் அது வராது. துளை அடைத்துக்கொண்டால் வளையம் சுவரைச் சரியாக வழிக்காது, எஞ்சின் எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்துவிடும். வால்வு மூடியைக் கழற்றினால் உள்ளே தேநீர் நிறத்தில் அரக்குப் பூச்சுப் போல் ஒட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். துணியால் துடைத்தால் போகாது. நகத்தால் சுரண்ட வேண்டும்.

இன்னொன்று. வண்டி உத்தரவாதத்தில் இருக்கிறதா? கையேட்டில் போட்டிருக்கும் தூரத்தைத் தாண்டினால், நாளைக்கு டர்போ போகும்போது உங்கள் அறிக்கையை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள்.

பாலம்தாண்டி:
அண்ணன் திறந்து பார்த்த எஞ்சின்களில் என்ன எண்ணெய் ஊற்றியிருந்தார்கள், எத்தனை கிலோமீட்டர் விட்டிருந்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா? கெட்டுப்போன வண்டிதான் பட்டறைக்கு வரும். நன்றாக ஓடும் வண்டியின் வால்வு மூடியை யாரும் கழற்றுவதில்லை. அதை வைத்து எல்லாருக்கும் சட்டம் போடுவது நியாயமில்லை.

கழிவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பயன்படுத்திய மசகு எண்ணெய் நம் நாட்டில் அட்டவணைக் கழிவு, அதாவது கட்டுப்பாட்டோடு அகற்ற வேண்டிய கழிவு; அதன் குறியீடு எஸ்.டபிள்யூ.305. பாதி ஆயுள் மிச்சமிருக்கும் எண்ணெயைக் கழிவாக்குவது எனக்கு உறுத்துகிறது.

பிறைக்காரன்:
பிறையில் ஆலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கம்ப்ரசர், கியர்பெட்டி எண்ணெய் அறிக்கைகளோடுதான் என் பிழைப்பு. இருவரும் இரும்பையும் கரியையும் பேசுகிறீர்கள். பாகுத்தன்மை 9.6 என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

5டபிள்யூ-30 போன்ற 30 தர எண்ணெய்க்கு 100 டிகிரியில் கீழ் வரம்பு 9.3 சென்டிஸ்டோக். அந்த எண்ணெயின் தரவுத்தாளில் புதிதில் எவ்வளவு என்று பாருங்கள். 11ஐ ஒட்டி இருந்தால் ஏறக்குறைய 13 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது? இரண்டு வழிகள் உண்டு. பாகுத்தன்மையைத் தாங்கும் பாலிமர்கள் அறுபட்டிருக்கலாம். அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே நடந்து பிறகு நின்றுவிடும், பயமில்லை. அல்லது பெட்ரோல் எண்ணெயில் கலந்திருக்கலாம். நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்களில் இது வழக்கமாக வரும் தொல்லை. நெடுஞ்சாலையில் ஓடினால் சூட்டில் ஆவியாகிவிடும். ஒரு வாரம் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் மறுபடி ஏறும். உங்கள் ஆய்வகம் பெட்ரோல் கலப்பை வாயு நிறப்பகுப்பு (கேஸ் குரோமடோகிராபி) முறையில் நேரடியாக அளந்ததா, தீப்பற்றும் வெப்பநிலையை வைத்துக் கணித்ததா என்று கேளுங்கள். இரண்டாவது தோராயம்தான். டி.ஏ.என். எனப்படும் அமில அளவையும் கேட்டு வாங்குங்கள். அது டி.பி.என்.-ஐ எட்டிப்பிடித்தால் எண்ணெய் முடிந்தது என்று பொருள்.

நடுவில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள் என்பதையும் சொல்லவில்லை. ஒரு லிட்டர் ஊற்றியிருந்தால் இரும்பும் குறைவாகத் தெரியும், டி.பி.என்.-உம் ஏறித் தெரியும்.

ஒரே ஓர் அறிக்கையை வைத்து எங்கள் ஆலையில் யாரும் இடைவெளியை நீட்ட மாட்டார்கள். மூன்று நான்கு அறிக்கைகள் வரிசையாக வந்தால்தான் போக்கு தெரியும்.

கிள்ளான் லோரி:
எங்கள் லோரிகளுக்கு ஒரு தடவைக்கு 35 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அங்கே ஆய்வுச் செலவு பெரிதில்லை. இடைவெளியை நீட்டியும் இருக்கிறோம். நான்கு லிட்டர் காருக்கு ஆய்வுக் கட்டணத்தைக் கூட்டினால் என்ன மிஞ்சும் என்று தம்பி கணக்குப் பார்க்க வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நீட்டத் தொடங்க வேண்டாம். நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலந்திருக்கிறது. புகை வடிகட்டியில் சேரும் கரியைச் சுட்டு எரிப்பதற்காகக் கூடுதல் எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின்களில் அது எண்ணெயில் இறங்கினால், பெட்ரோலைப் போல் எளிதில் ஆவியாகாது. அங்கேயே தங்கும்.

செந்தூல் பட்டறை:
பிறை நண்பர் சொன்னதை ஏற்கிறேன். அவரைப் போல் எல்லாரும் படித்துப் பார்த்தால் எனக்குச் சண்டையே இல்லை.

தம்பி, நீங்கள் கிலோமீட்டரைப் பேசுகிறீர்கள். எஞ்சினுக்குத் தெரிந்தது மணிக்கணக்குதான். மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரியில் ஓடினால் 10,000 என்பது சுமார் 167 மணி நேரம். மாலையில் கோலாலம்பூர் ஜாலான் கிள்ளான் லாமா சாலையில் ஊர்ந்து சராசரி 20 ஆனால் அதே 10,000க்கு 500 மணி நேரம். கிலோமீட்டர் மானியில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் 15,000 என்று கிளம்பினால் அவர் பிழைப்பு போய்விடும். என் கோபமெல்லாம் அதுதான்.

வடிகட்டியையும் மறக்காதீர்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளிருக்கும் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே எஞ்சினுக்கு அனுப்பும்.

பாலம்தாண்டி:
நடுவில் எண்ணெய் ஊற்றவில்லை. தரவுத்தாளில் 11.0. பெட்ரோல் கலப்பைத் தீப்பற்றும் வெப்பநிலையை வைத்துத்தான் கணித்திருக்கிறார்கள். அமில அளவு எடுக்கவில்லை. ஆகவே ஒரேயடியாக 15,000க்குத் தாவப் போவதில்லை. 7,500இல் டிப்ஸ்டிக் குழாய் வழியாக, எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒரு மாதிரி உறிஞ்சி எடுக்கிறேன். 10,000இல் இன்னொன்று. இரண்டும் நன்றாக இருந்தால் 12,000 வரை போவேன். நீட்டவே கூடாது என்பதை இப்போதும் நான் ஏற்கவில்லை.

பிறைக்காரன்:
நல்லது. இரண்டையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வகத்தில் உலோகம் அளக்கும் கருவி சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகப் பார்க்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய சில்லு விழுந்தாலும் அறிக்கை சுத்தமாக வரலாம்.

செந்தூல் பட்டறை:
அதற்குத்தான் வடிகட்டியை வெட்டிப் பார்க்க வேண்டும். மாற்றியதும் பழையதைத் தூக்கி எறியாமல் கோலாலம்பூர் வரும்போது கொண்டுவாருங்கள், தம்பி. வட்டமாக அறுத்து, மடிப்புத் தாளை விரித்து, எண்ணெயைப் பிழிந்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். பளபளப்பாக ஏதாவது மின்னினால் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பேரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். காசு வேண்டாம். ஆனால் 12,000 என்று என் பட்டறை ஸ்டிக்கரில் எழுதித் தர மாட்டேன்.