லண்டனில் நடிப்புப் படிக்க வந்தாச்சு, முதல் வாரமே குழப்பம்

அக்கா, வணக்கம். லண்டனில் மூன்று வருட நடிப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். திருச்சியில் கல்லூரி நாடகக் குழுவில் நிறைய நடித்தவன். இங்கே வந்ததிலிருந்து தரையில் படுக்கச் சொல்கிறார்கள், மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள், வட்டமாக நின்று பந்து எறியச் சொல்கிறார்கள். ஒரு வசனம்கூட இன்னும் பேசவில்லை. அப்பா தினமும் போனில் "இன்னைக்கு என்னப்பா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை. என் உச்சரிப்பை நினைத்தால் வாயைத் திறக்கவே தயக்கம். கையில் காசும் கரைகிறது. சனிக்கிழமை ஒரு விளம்பரத்தில் நடிக்கக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

—

தம்பி, கடைசிக் கேள்விதான் அவசரம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போகாதே.

ஸ்டூடன்ட் விசாவில், வகுப்பு நடக்கும் டெர்ம் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். நடிப்பு மாணவர்கள் பலர் கவனிக்காத வரி வேறு ஒன்று இருக்கிறது: தொழில்முறைக் கலைஞராக வேலை செய்யக் கூடாது, சுயதொழிலும் கூடாது. விளம்பரம், குறும்படம், நம்மவர் விழா மேடை என்று எதுவானாலும் சம்பளத்துக்கு நடிப்பது இதில் மாட்டும். "கையில காசா தந்துடுறோம், யாருக்கும் தெரியாது" என்பார்கள். பிரச்சினை வந்தால் போவது அவர்கள் விசா இல்லை, உன்னுடையது. சம்பளம் இல்லாத வாய்ப்பாக இருந்தாலும், கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகரிடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். படிப்பு முடித்து கிராஜுவேட் விசாவுக்கு மாறினால் நடிப்பு வேலைக்கு இந்தத் தடை இருக்காது. அதுவரை பொறு.

காசு வேண்டுமென்றால் நாடகத் தியேட்டர்களில் டிக்கெட் பார்த்து ஆட்களை உட்கார வைக்கும் வேலை தேடு. சம்பளப் பட்டியலில் வரும் சாதாரண வேலைதான். மாலையில் நடக்கும், உன் வகுப்பு நேரத்தோடு மோதாது. ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். திங்கட்கிழமை கூட்டம் சிரிக்காத இடத்தில் சனிக்கிழமை கூட்டம் ஏன் சிரித்தது, நடிகர் எங்கே ஒரு மூச்சு கூடுதலாக நிறுத்தினார் என்றெல்லாம் கவனிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது தரையில் படுக்கும் கதை. முழங்காலை மடித்து, தலைக்கு அடியில் ஒன்றிரண்டு புத்தகம் வைத்துப் படுக்கச் சொல்கிறார்கள், இல்லையா? அது அலெக்சாண்டர் முறை. 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த எஃப்.எம். அலெக்சாண்டரும் நடிகர்தான். மேடையில் பேசப் பேச அவருக்குக் குரல் போய்விடும், டாக்டர்களால் சரி செய்ய முடியவில்லை. கண்ணாடி முன் நின்று வசனம் பேசித் தன்னையே கவனித்தார். வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தலை பின்னால் சாய்கிறது, குரல்வளை அழுந்துகிறது என்று கண்டுபிடித்தார். நீயும் இன்று ராத்திரி உன் அறையில் செய்து பார். கல்லூரி ஆடிட்டோரியத்தில் சரியான மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்களுக்கு முகவாய் மேலே போகும், கழுத்து நரம்பு புடைக்கும். முதல் டெர்மில் அதைத்தான் அவிழ்க்கிறார்கள். அப்பாவிடம் இதையே சொல்லு. "தொண்டை கட்டாமல் மூணு மணி நேரம் பேசப் பழக்குறாங்கப்பா" என்றால் அவருக்குப் புரியும்.

உச்சரிப்புக்கு வருவோம். ஆர்.பி. (Received Pronunciation) என்னும் பிரிட்டிஷ் பொது உச்சரிப்பைக் கற்றுத் தருவார்கள், ஒலிக்குறி அட்டவணையும் வரும். அது சில பாத்திரங்களுக்குத் தேவைப்படும் உச்சரிப்பு, அவ்வளவுதான். உன் பேச்சை அழித்துவிட்டு அதை வைக்க வேண்டியதில்லை. நம் வாய்க்குக் கஷ்டமான இடங்கள் சிலதான். ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன் பிடித்து 'பென்' என்று சொல். தாள் ஆட வேண்டும், நாம் சொன்னால் ஆடாது, ஏனென்றால் நம் 'ப'வில் அந்தக் காற்று இல்லை. 'டேபிள்' சொல்லும்போது நாம் நாக்கைப் பின்னால் மடிக்கிறோம், அவர்கள் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நுனியை வைக்கிறார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் அழுத்தம். இங்கிலீஷில் அழுத்தம் விழாத அசையை விழுங்கிவிடுவார்கள், நாம் ஒவ்வொன்றுக்கும் முழு மரியாதை கொடுத்துப் பேசுகிறோம். ஷேக்ஸ்பியர் வரிகளில் பத்து அசை, ஐந்து அழுத்தம் என்று எண்ணச் சொல்லும்போது பயப்படாதே. பள்ளியில் வெண்பாவை நேர், நிரை என்று அலகிட்டவன் நீ. கணக்கு வேறு, ஆனால் வரியைக் காதால் வெட்டிப் பார்க்கும் பழக்கம் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமாக இருக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும். பயிற்சியில் யாராவது தொடுவது சங்கடமாக இருந்தால் "வேண்டாம்" என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வாரமே ஜி.பி.யிடம், அதாவது உன் பகுதிக் குடும்ப டாக்டரிடம், பதிவு செய். விசாவோடு மருத்துவக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்டு கட்டியது இதற்குத்தான். கணுக்கால் சுளுக்கிய பிறகு ஓடாதே. தனியாக வீடு எடுத்திருந்தால் கவுன்சில் டாக்ஸ் என்னும் உள்ளாட்சி வரியிலிருந்து விலக்குக்குக் கல்லூரியில் கடிதம் வாங்கு. பஸ், ரயிலுக்கான மாணவர் ஆய்ஸ்டர் அட்டை எடுத்தால் டிராவல்கார்டு என்னும் பயணப் பாஸில் 30 சதவீதம் குறையும். வகுப்புக்கு எழுத்து, படம் எதுவும் இல்லாத கறுப்பு உடை போதும், கடையில் மலிவாகக் கிடைப்பதே சரி. அசைவு வகுப்புக்கு முன் வயிறு நிறையச் சோறு சாப்பிடாதே. ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை நம்மூர்க் கடைகள் இருக்கும் ஈஸ்ட் ஹாம் பகுதிக்குப் போய் வா.

—

ரொம்ப நன்றி அக்கா. விளம்பரத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று: அடுத்த வாரம் ஆளுக்கொரு தனி வசனம் செய்து காட்ட வேண்டும். எந்த மொழியிலும் செய்யலாம் என்கிறார்கள். தமிழில் செய்தால் தப்பித்துக்கொள்கிறேன் என்று நினைப்பார்களா?

—

நினைக்க மாட்டார்கள். தமிழிலேயே செய். உனக்கு வார்த்தையைத் தேட வேண்டியிராத மொழியில் உன் மூச்சும் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று ஆசிரியர் பார்க்க இது ஒரு நல்ல வாய்ப்பு. வேறு யாரையும்போல நடித்துக் காட்டாதே. யாரிடம் பேசுகிறாய், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும், மொழி தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேரும். ஆரம்பிக்கும் முன் கதையை இரண்டு வரியில் இங்கிலீஷில் சொல்லிவிடு.

அப்புறம், நாடகம் பார்க்கக் காசில்லை என்று உட்கார்ந்துவிடாதே. நேஷனல் தியேட்டரில் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அடுத்த வாரக் காட்சிகளுக்கு 10 பவுண்டு டிக்கெட் ஆன்லைனில் விடுவார்கள், கொஞ்சம் முன்னாலேயே வரிசையில் சேர்ந்துவிடு. குளோப் தியேட்டரில் நின்று பார்க்க 5 பவுண்டிலிருந்து கிடைக்கும். கூரை இல்லாத இடம், குடை விரிக்க விடமாட்டார்கள், ரெயின்கோட் எடுத்துக்கொண்டு போ.