தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் அரசு வேலையிலிருந்து நீக்க முடியுமா?

மழைக்காகம்:
என்னோடு தேர்வுக்குப் படித்த நண்பனுக்காகக் கேட்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர், தகுதிகாண் பருவம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அவனும் அவன் துணையும் சேர்ந்து எடுத்த படம் எப்படியோ அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. மறுநாளே மேலதிகாரி கூப்பிட்டு, "நீயா எழுதிக் குடுத்துட்டுப் போயிடு, இல்லன்னா மெமோ வரும், ஊரே பேசும்" என்று ஒரு வெள்ளைத்தாளை முன்னால் தள்ளியிருக்கிறார். வேலையில் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. இதற்காக நீக்கினால் கோர்ட் கேட்குமா? அவன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வடகரை:
தம்பி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு உத்தரவு வந்துவிட்டால், மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பாரம் அவன் தலையில் விழும். மெமோ வந்தால் வரட்டும். அதில் காரணம் எழுதியாக வேண்டும், எழுதின காரணத்தைத்தான் கோர்ட்டில் உடைக்க முடியும். யார், எந்தத் தேதியில், யார் முன்னால் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். குழுவில் வந்ததை யாராவது அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

நெய்தல்நிலம்:
கோர்ட் கேட்கும். கேட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷஹர் மாவட்டத்து ஊர்க்காவல் படைக்காரர் ஒருவரை, துணையோடு இருந்த வீடியோ பரவியதால் 2019இல் நீக்கினார்கள். வழக்கு வந்தபோது அரசுத் தரப்பு பதில் மனுவில் அவருடைய பாலீர்ப்பையே தகாத செயல் என்று எழுதிவைத்தார்கள், அந்த வரியே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. பாலீர்ப்பு ஒருவரின் அந்தரங்கம், அதைக் குற்றம்போல நடத்துவது, தன்பாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்புக்கு விரோதம் என்று 2021 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் நீக்க உத்தரவை ரத்து செய்து, சேர வேண்டிய தொகையோடு திரும்பச் சேர்க்கச் சொன்னது. இத்தனைக்கும் ஊர்க்காவல் படையில் மதிப்பூதியம்தான், நிரந்தர வேலைகூட இல்லை.

உங்கள் நண்பன் விஷயத்தில் எனக்குப் பயம் தகுதிகாண் பருவம்தான். "பணி திருப்திகரமாக இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஆனால் உத்தரவின் வார்த்தையோடு கோர்ட் நின்றுவிடாது. 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது: சாதாரண உத்தரவு போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது தண்டனை என்றால், விசாரணை இல்லாமல் நீக்கியது செல்லாது. அதனால்தான் அந்த வாட்ஸ்அப் படமும் தேதியும் முக்கியம், உண்மைக் காரணத்தை அவைதான் காட்டும். தமிழ்நாடு அரசு வேலை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், மத்திய அரசு என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்.

வடகரை:
தோழர் சொல்வது சரி. ஆனால் அந்த ஊர்க்காவல் படைக்காரருக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை சம்பளம் இல்லாமல் வீட்டு வாடகை எப்படிக் கட்டுவது என்பதையும் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கார்த்திகைப்பூ:
சட்டம் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது அந்த மூன்று நாள் சாப்பிடாததைப் பற்றி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ் வீட்டுக்குள் 2010 பிப்ரவரியில் கேமராவோடு புகுந்து, அவர் ஓர் ஆணோடு இருந்ததைப் படம் எடுத்தார்கள். பல்கலைக்கழகம் சஸ்பெண்ட் செய்தது அவரை. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த மனிதர். ஏப்ரல் 1ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் சஸ்பென்ஷனுக்குத் தடை போட்டது, அவர் பக்கம் நியாயம் நின்றது. ஏப்ரல் 7ஆம் தேதி அவர் தனியாகத் தங்கியிருந்த வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். தயவுசெய்து உங்கள் நண்பனை ராத்திரியில் தனியாக விடாதீர்கள்.

மழைக்காகம்:
கையெழுத்துப் போடவில்லை, தாளை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்று ராத்திரி என் அறையில்தான் இருக்கிறான், இரண்டு தோசை சாப்பிட்டான். திங்கள்கிழமை வக்கீலைப் பார்க்க நானும் கூடப் போகிறேன்.