எர்ரர் காட்டாத ஒப்பீடுகள்தான் ஆளை அலைக்கழிக்கும்

புதிதாக கோடிங் பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. ஒப்பீட்டு ஆபரேட்டர், அதாவது இரண்டு மதிப்புகளை ஒப்பிடும் குறி என்றாலே, மதிப்பைக் கொடுக்கும் = குறியும் சமமா என்று கேட்கும் == குறியும் குழம்புவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பைத்தான் மொழியில் அது சின்ன விஷயம். நிபந்தனையைச் சோதிக்கும் இஃப் வரியில் ஒற்றைச் சமக்குறி போட்டால் ஓடவே ஓடாது, உடனே எர்ரர் வந்துவிடும். சி மொழியில்தான் ஆபத்து. அங்கே அது மதிப்பை மாற்றிவிட்டுப் பேசாமல் மேலே போகும். 2003-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் யாரோ ஒரு வரியை நுழைக்கப் பார்த்தார்கள். பயனர் எண் 0-வா என்று கேட்பது போலத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைச் சமக்குறி என்பதால், அந்த எண்ணை 0 ஆக்கி, கணினியில் எதையும் செய்யவிடும் ரூட் அதிகாரத்தையே கொடுத்துவிடும். நல்லவேளை, முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நான் அடிக்கடி பார்ப்பது வேறு. ஒரு பெண், எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதியிருந்தார். விடை 42. அவரே 42 என்று தட்டினாலும் 'தவறு' என்றே வந்தது. == குறியை மாற்றிப் பார்த்தார், வரிகளை இடம் மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் என்ன வகை என்று அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்று எண், இன்னொன்று ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர்! தட்டச்சு செய்து வாங்குவதைப் பைத்தான் எப்போதும் ஸ்ட்ரிங்காகவே தரும். 42-ம் '42'-ம் சமமா என்றால், இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிடும். அதே இடத்தில் < போட்டிருந்தால் எர்ரர் வந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங்காக இருந்தால் இன்னும் மோசம். '100' < '9' என்பது உண்மை என்று வரும், ஏனென்றால் முதல் எழுத்திலேயே 1, 9-ஐவிடச் சிறியது. மதிப்பெண் பட்டியலை வரிசைப்படுத்தியவர் ஒருவர் இதில் நெடுநேரம் மாட்டிக்கொண்டார்.

தசம எண் வந்தால் == பக்கமே போகாதீர்கள். 0.1 + 0.2 == 0.3 பொய் என்றுதான் வரும். உள்ளே இருப்பது 0.30000000000000004. வித்தியாசம் போதுமான அளவு சிறியதா என்று பாருங்கள். பைத்தான் 3.5 முதல் மேத் தொகுப்பிலேயே அதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.

அப்புறம், > போடுவதா >= போடுவதா என்ற சந்தேகத்தை யோசித்தே தீர்க்கப் பார்க்காதீர்கள். எல்லை 18 என்றால் 17, 18, 19 மூன்றையும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். 18-க்கு என்ன வருகிறதோ, அதிலேயே தெரிந்துவிடும்.